சபை ஊருக்குத் திறந்திருக்க வேண்டுமானால் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவ சபைகளில் அசனம் என்னும் பொது விருந்து என்றால் ஊரே கூடும். பிற மதத்தவரும் பந்தியில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டுப் போவார்கள். இவ்வளவு நல்ல வழக்கம் உள்ள நம் சபைகள், சாதாரண ஞாயிறுகளில் புதியவர்களையும் ஏழைகளையும் நடத்தும் விதத்தில் சில தவறுகளைத் திரும்பத் திரும்பச் செய்கின்றன.

முதல் தவறு விசாரணை. புதிதாக வந்தவரிடம் "எந்த ஊர்?" என்று கேட்கிறோம். அடுத்து "அங்கே எந்தத் தெரு?" பிறகு "யார் வீட்டுப் பிள்ளை?" மூன்றாவது கேள்வியில் சாதி தெரிந்துவிடும். கேட்பவர் அன்பாகத்தான் கேட்டிருக்கலாம். ஆனால் இதே கேள்விகளால் வாழ்நாளெல்லாம் காயப்பட்டவருக்கு அதன் உள்நோக்கம் சொல்லாமலே புரியும். இது இன்று நேற்று வந்த நோய் அல்ல. ஆலயத்திலேயே சாதிவாரியாகப் பிரிந்து உட்காரும் வழக்கம் ஒரு காலத்தில் வெளிப்படையாக இருந்தது. கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833-இல், சபைகளில் சாதி வேறுபாடு அடியோடு ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சாதியை விடாமல் சபையை விட்டு விலகினார்கள். பொன்மோதிரம் அணிந்தவனுக்கு நல்ல இடத்தையும் கந்தை உடுத்தியவனுக்குக் கால்மாட்டையும் காட்டுகிறீர்களே என்று புதிய ஏற்பாட்டில் யாக்கோபு தன் நிருபத்தின் (கடிதத்தின்) இரண்டாம் அதிகாரத்தில் கண்டித்தது நமக்கும்தான். வந்தவரிடம் பெயரைக் கேளுங்கள். திரும்பிப் போக பஸ் இருக்கிறதா என்று கேளுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து கீர்த்தனைப் பக்கத்தை எடுத்துக் கொடுங்கள். முதல் நாளே எழுந்து நின்று தன்னை அறிமுகப்படுத்தச் சொல்ல வேண்டாம். கூச்ச சுபாவமுள்ளவர் அடுத்த வாரம் வரமாட்டார்.

இரண்டாவது தவறு, கேட்காமல் கொடுப்பது. 2004 சுனாமிக்குப் பின் நாகப்பட்டினத்துக்கு லாரி லாரியாகப் பழைய துணிகள் வந்து சேர்ந்தன. உடுத்த முடியாத அந்தத் துணிகள் சாலையோரங்களில் குவியலாகக் கிடந்தன. மீனவர்களுக்கு அப்போது வேண்டியிருந்தவை படகும் வலையும் பாத்திரங்களும். அனுப்பியவர்கள் மனதில் இரக்கம் இருந்தது, கேள்விதான் இல்லை. எரிகோ சாலையில் இயேசுவைக் கூப்பிட்ட பர்திமேயு பார்வையற்றவன் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இருந்தும் அவர், "உனக்கு நான் என்ன செய்ய வேண்டும்?" என்று அவனிடமே கேட்டார். நம் பெண்கள் ஐக்கியம் போர்வை வாங்கும் முன், அது போய்ச் சேரும் வீட்டில் ஒரு முறை உட்கார்ந்து பேசினால் போதும். அந்த வீட்டுக்குத் தேவை பிள்ளையின் தேர்வுக் கட்டணமாக இருக்கலாம். முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதத் தெரிந்த ஒரு ஆளாகவும் இருக்கலாம்.

உதவி பெறுபவரை மேடையேற்றிப் புகைப்படம் எடுப்பதை அறவே விட்டுவிடலாம். தையல் இயந்திரம் பெற்ற விதவையின் முகம் சபையின் வாட்ஸ்அப் குழுவில் சுற்ற வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அரிசி வாங்க வந்தவரை ஜெபம் முடியும்வரை உட்கார வைப்பதும், ஆராதனைக்கு வருகிறவருக்கே மருத்துவ உதவி என்று வாய்மொழியாக விதி போடுவதும் சேவை ஆகாது. அது பசியை வைத்துப் பேரம் பேசுவது. இயேசு குணமாக்கிய குஷ்டரோகிகள் பத்துப் பேரில் ஒன்பது பேர் திரும்பி வரவில்லை. அதற்காக அவர் அவர்களுடைய சுகத்தைத் திரும்பப் பெறவில்லை. அரிசியைக் கொடுத்து அனுப்புங்கள். அவர் விரும்பிக் கேட்டால் ஜெபியுங்கள்.

கட்டடமும் ஆளைத் திருப்பி அனுப்பும். சாய்தளம் இல்லாத படிகள், பூட்டிய கழிப்பறை, பின்வரிசைக்குக் கேட்காத ஒலிபெருக்கி ஆகியவற்றைச் சரிசெய்யப் பெரும் பணம் தேவைப்படாது.

ஆனால் வேர் வேறு இடத்தில் இருக்கிறது. யாருக்காகச் சேவை செய்கிறோமோ அவர்களில் ஒருவர்கூட முடிவெடுக்கும் கமிட்டியில் இருப்பதில்லை. எருசலேமின் ஆதிச் சபையிலும் இந்தச் சிக்கல் வந்தது. அன்றாட உணவுப் பங்கீட்டில் தங்கள் விதவைகள் விடுபடுகிறார்கள் என்று கிரேக்க மொழி பேசியவர்கள் முறுமுறுத்தார்கள். அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தில் அந்தப் பொறுப்புக்குத் தெரிந்தெடுக்கப்பட்ட ஏழு பேரின் பட்டியல் இருக்கிறது: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலாவு. ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன தரப்பின் கையிலேயே பொறுப்பு போனதாகத்தான் தெரிகிறது. நம் சேகரங்களில் (ஒரு போதகரின் கீழுள்ள சபைத் தொகுதிகளில்) உதவிக் கணக்கைப் பார்க்க எத்தனை ஓய்வுபெற்ற அதிகாரிகள் இருக்கிறார்கள்! அவர்களோடு ஒரு துப்புரவுத் தொழிலாளியும் தனியாகப் பிள்ளைகளை வளர்க்கும் ஒரு தாயும் உட்காரட்டும். பேருக்கு உட்கார வைத்தால் போதாது, வாக்கும் கையெழுத்தும் வேண்டும். கூட்டத்தையும் அவர்கள் வேலை முடிந்து வரக்கூடிய நேரத்தில் வைக்க வேண்டும்.