எக்ஸி கோப்பாக்கினால் மட்டும் நிரல் மறைந்துவிடாது

மாம்பழ சீசன் தொடங்கிவிட்டால் கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளின் எடைமேடைகளுக்கு ஓய்வே கிடையாது. பாரத்தோடு ஒரு எடை, காலி வண்டிக்கு ஒரு எடை, கழிவு போக விவசாயிக்குச் சேர வேண்டிய தொகை. இந்தக் கணக்குக்கு மென்பொருள் எழுதி விற்கும் காவேரிப்பட்டணத்து இளைஞர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். "அண்ணா, மூலநிரலைத் தரவில்லை, இயக்கும் எக்ஸி கோப்பை மட்டும்தான் கொடுத்தேன். என் கழிவுக் கணக்கை அப்படியே வைத்து இன்னொருவர் விற்கிறார்" என்றார்.

அந்தக் கோப்பை அவர் கண்ணெதிரிலேயே பிரித்தேன். பைத்தான் மொழியில் எழுதி, எக்ஸியாக்கித் தரும் பைஇன்ஸ்டாலர் கருவியால் கட்டியது. பலரும் சறுக்கும் முதல் இடம் இதுதான். பைஇன்ஸ்டாலர் நிரலை எந்திர மொழிக்கு மாற்றுவதில்லை. பைத்தானையும், அது படித்து இயக்கும் இடைநிலை வடிவமான பைட்கோடு கோப்புகளையும் ஒரே மூட்டையாகக் கட்டுகிறது. அவிழ்க்க இலவசக் கருவிகள் உண்டு. சிறிது நேரத்தில் அவருடைய கழிவுக் கணக்கு, அவர் வைத்த பெயர்களோடு திரையில் வந்து நின்றது. இரண்டு வரி தள்ளி, தரவுத்தளக் கடவுச்சொல். அவர் முகம் வாடிவிட்டது.

பைட்கோடைப் பூட்டிவைக்கும் வசதி பைஇன்ஸ்டாலரில் முன்பு இருந்தது. ஆனால் சாவியும் அதே எக்ஸிக்குள்தான் கிடந்தது. அதனால் 2023இல் வந்த 6.0 பதிப்பில் அந்த வசதியையே எடுத்துவிட்டார்கள். முக்கியமான பகுதியை சைத்தான் அல்லது நியூட்கா என்ற கருவி வழியாக சி மொழிக்கு மாற்றி, எந்திர மொழியாகக் கம்பைல் செய்வது எவ்வளவோ மேல்.

ஜாவா, டாட்நெட் நிரல்களுக்கும் இதே கதிதான். டாட்நெட் கோப்பை ஐஎல்ஸ்பை என்ற இலவசக் கருவியில் திறந்தால் கிட்டத்தட்ட எழுதியபடியே படிக்கலாம். பெயர்களைக் குழப்பிவிடும் கருவிகள் திருடுபவரைத் தாமதப்படுத்தும், தடுக்காது.

சி++ எழுதுபவர்களும் நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. பிழை தேடுவதற்கான டீபக் பதிப்பை அப்படியே அனுப்புவதும், நிரலில் வைத்த பெயர்களைச் சொல்லிவிடும் பிடிபி கோப்பைச் சேர்த்து அனுப்புவதும் நானே பலமுறை பார்த்த தவறுகள். அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை 2019இல் இலவசமாக வெளியிட்ட கீட்ரா என்ற கருவி, எந்திர மொழியிலிருந்தும் சி போன்ற வடிவத்தை மீட்டுத் தரும்.

எந்த மொழியானாலும் கடவுச்சொல்லை நிரலுக்குள் எழுதாதீர்கள். கம்பைல் செய்தாலும் எழுத்துச் சரம் எழுத்துச் சரமாகவே கிடக்கும். நோட்பேடில் திறந்தாலே கண்ணில் படலாம். காசு கொடுத்தவர்தானா என்று மென்பொருள் சரிபார்க்கும் உரிமச் சாவிக்கும் இது பொருந்தும். அந்த உரிமத்தில் மின் கையொப்பமிடும் தனிச்சாவி உங்கள் கணினியிலேயே இருக்கட்டும். சரிபார்க்கும் பொதுச்சாவி மட்டும் மென்பொருளோடு போகட்டும்.

வெளியே போகவே கூடாத சூத்திரம் என்றால் அதை உங்கள் சர்வரில் வையுங்கள். அதற்காக எல்லாவற்றையும் சர்வருக்கு ஏற்றிவிடுவதும் தவறு. இணையம் அறுந்தால் லாரிகள் சாலை வரை நிற்கும், வெயிலில் பழம் கெடும். எடைப் பதிவு ஆலையிலேயே நடக்க வேண்டும். தொகைக் கணக்கு சர்வரில் நடக்கலாம்.

உரிம விஷயம் இன்னும் முக்கியம். அந்த இளைஞர் திரைகளைப் பைக்யூட்டி என்ற நிரல் தொகுப்பால் அமைத்திருந்தார். அது ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தில் அல்லது விலைக்கு வாங்கும் உரிமத்தில் வருகிறது. காசு கொடுக்காமல் பயன்படுத்தி மென்பொருளை விற்றால், வாங்கியவர் மூலநிரலைக் கேட்கும்போது கொடுத்தாக வேண்டும். மறைக்கப் பாடுபட்டதை உரிமமே திறந்துவிடும். ஜிபிஎல்லைவிடத் தளர்வான எல்ஜிபிஎல் உரிமத்திலும் கிடைக்கும், இதே வேலையைச் செய்யும் பைசைடுக்கு மாறச் சொன்னேன். அதற்கும் நிபந்தனைகள் உண்டு, ஆனால் உங்கள் நிரலைக் கேட்காது.

1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி கணினி நிரலும் இலக்கியப் படைப்புதான். பதிவு செய்யாவிட்டாலும் உரிமை உண்டு. பதிந்தால் வழக்கில் சான்றாக நிற்கும். ஆனால் விண்ணப்பத்தோடு மூலநிரலின் முதல் 10 பக்கங்களையும் கடைசி 10 பக்கங்களையும் எதையும் மறைக்காமல் கொடுக்க வேண்டும். கடவுச்சொல் அந்தப் பக்கங்களில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அந்த இளைஞருக்கு அது நான்காம் பக்கத்தில் இருந்தது.