குடியிருந்தவர் போன பிறகு பாக்கியை வசூலிப்பது எப்படி: முதலில் கணக்கு, அப்புறம் கடிதம்

என் வீட்டில் குடியிருந்தவர் காலி செய்தபோது இரண்டு மாத வாடகையும் ஒரு கரண்ட் பில்லும் பாக்கி. அட்வான்ஸில் கழித்தது போக மீதி கைக்கு வர நான்கு மாதம் ஆனது. அதில் பாதிக்கு மேல் ஒரே ஒரு மீட்டர் ரீடிங்கைப் பற்றிய வாக்குவாதத்திலேயே போய்விட்டது. முதல் முறையாக இப்படி மாட்டிக்கொண்டு நிற்பவர்களுக்காக, நான் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன். அக்ரிமென்ட், அட்வான்ஸ் ரசீது, வாடகை வரவு விவரம் மூன்றும் உங்களிடம் இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. சாவி வாங்கும் அன்றே மீட்டரைப் படம் எடுங்கள்

இந்த ஒரு வேலையை நான் செய்யவில்லை. சாவி பக்கத்து வீட்டில் கொடுக்கப்பட்டிருந்தது. எட்டு நாள் கழித்துத்தான் போனேன். அதற்குள் பெயின்ட் அடிப்பவர்களை வேலைக்கு விட்டிருந்தேன், அவர்களும் கரண்டைப் பயன்படுத்தினார்கள். பில் வந்ததும் முழுவதையும் குடியிருந்தவர் தலையில் போட்டேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அதோடு நிற்காமல் வாடகை பாக்கியையும் தர மாட்டேன் என்றுவிட்டார்.

பல வாரம் இழுத்த பிறகு அவரே ஒரு படம் அனுப்பினார். காலி செய்த அன்று எடுத்தது. மீட்டரில் 4,382, அதற்குக் கீழே மீட்டர் எண்ணும் தெளிவாகத் தெரிந்தது, கண்ணாடியில் இருந்த கீறல் உட்பட. முந்தைய பில்லின் ரீடிங் 4,120, அடுத்த பில்லின் ரீடிங் 4,410. மொத்தம் 290 யூனிட்டில் அவருடையது 262, மீதி 28 என்னுடையது. அவர் சொன்னதுதான் சரி. அன்றே கணக்கைத் திருத்தி அனுப்பினேன். அதன்பிறகு மற்ற வரிகளைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கூடப் பேசவில்லை. 28 யூனிட்டுக்காக இரண்டு மாத வாடகை நின்றுபோயிருந்தது.

அதனால் படத்தில் இரண்டும் தெரிய வேண்டும்: ரீடிங், மீட்டர் எண். தண்ணீர், எரிவாயு மீட்டர் தனியாக இருந்தால் அவற்றுக்கும் இதே மாதிரி. வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால், எடுத்த தேதி போன்ற உள்விவரங்கள் நீங்கிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், மூலப் படத்தையும் போனிலிருந்து அழிக்காதீர்கள்.

2. பில் உங்கள் பெயரில் இருந்தால் முதலில் கட்டிவிடுங்கள்

அவர் கட்டட்டும் என்று காத்திருந்தால் தாமதக் கட்டணம் ஏறும், இணைப்பும் துண்டிக்கப்படலாம். அந்தக் கூடுதல் செலவை அவரிடம் கேட்பதும் கஷ்டம். கட்டி ரசீது வாங்கிவிட்டால், அந்த ரசீதே உங்கள் ஆதாரம். இணைப்பு குடியிருந்தவர் பெயரில் இருந்தால், யார் பொறுப்பு என்று சேவை நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுக்கொண்டு அப்புறம் பணம் கட்டுங்கள்.

3. கணக்குத் தாள்

வாடகை நிர்வாகத்துக்கென்றே உள்ள ஆப் இரண்டைப் பயன்படுத்திப் பார்த்தேன். இந்த வேலைக்கு இரண்டுமே தேவையில்லை. கூகுள் ஷீட்ஸில் ஐந்து பத்தி போதும்: தேதி, விவரம், வர வேண்டியது, வந்தது, ஆதாரம். ஐந்தாவது பத்தி காலியாக இருக்கும் வரியை அனுப்பவே அனுப்பாதீர்கள். ஆதாரமில்லாத ஒரு வரி இருந்தால் அவர் அதை மட்டும்தான் பிடித்துக்கொள்வார்.

பாதி மாத வாடகையை அந்த மாதத்தின் நாள்களால் வகுப்பது எனக்குப் பிடித்த முறை. மாத வாடகை 12,000, காலி செய்தது மார்ச் 11 என்றால், 12,000-ஐ 31-ஆல் வகுத்து 11-ஆல் பெருக்கினால் 4,258. அவரும் போனிலேயே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். அக்ரிமென்ட்டில் வேறு முறை எழுதியிருந்தால் அதுதான் செல்லும். முன்னறிவிப்புக் காலத்துக்கான வாடகையை அக்ரிமென்ட் அனுமதித்தால் கேட்கலாம். ஆனால் அதே நாள்களில் புதிதாக ஒருவர் குடிவந்துவிட்டால், ஒரே நாளுக்கு இருவரிடமும் வாடகை வாங்காதீர்கள். அது நியாயமில்லை, வழக்கு என்று போனாலும் நிற்காது.

கரண்ட் பில்லில் நிலைக் கட்டணத்தை (எவ்வளவு பயன்படுத்தினாலும் மாறாத தொகை) நாள் கணக்கிலும் யூனிட் கட்டணத்தை யூனிட் விகிதத்திலும் பிரிக்கிறேன். யூனிட் கூடக் கூட விலை ஏறும் ஸ்லாப் முறையிலும் மொத்த யூனிட் கட்டணத்தை இப்படியே பிரிப்பதுதான் இருவருக்கும் நியாயம்.

சேதங்களை இந்தத் தாளில் சேர்க்க வேண்டாம். பெயின்ட் மங்குவதும் தரை தேய்வதும் சாதாரணத் தேய்மானம், அதற்குப் பணம் கேட்கக் கூடாது. உடைந்த கதவு, காணாமல் போன குழாய் போன்றவற்றைப் படத்தோடும் பழுதுபார்த்த ரசீதோடும் வேறொரு தாளில் போடுங்கள். வாடகையும் பில்லும் மறுக்க முடியாத எண்கள். சேதம் என்று வந்தால் பேச்சு வளரும்.

4. அட்வான்ஸில் கழிப்பது

உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பார்க்காமல் கழித்துவிடாதீர்கள். இங்கிலாந்தில் பெரும்பாலான தனியார் வாடகைகளுக்கு, 2007 ஏப்ரலுக்குப் பிறகு வாங்கும் அட்வான்ஸை அங்கீகரிக்கப்பட்ட திட்டத்தில் பாதுகாக்க வேண்டும். அதை உரிமையாளர் தன் இஷ்டத்துக்கு எடுத்துக்கொள்ள முடியாது. கழிக்க அனுமதி உள்ள இடத்தில் வாடகையையும் பில்லையும் முதலில் கழியுங்கள், பழைய பாக்கியிலிருந்து தொடங்கி.

5. கடிதம்

போனில் பேசுவதை இங்கே நிறுத்திவிடுங்கள். நான் அனுப்பியது இவ்வளவுதான்:

"வணக்கம் சார். மார்ச் 11-ம் தேதி வீட்டைக் காலி செய்தீர்கள். அதுவரையிலான கணக்கும் ரசீதுகளும் இத்துடன் உள்ளன. அட்வான்ஸைக் கழித்தது போக வர வேண்டிய தொகை கடைசி வரியில் இருக்கிறது. ஏதாவது வரி தவறு என்று தோன்றினால் ஆதாரத்துடன் சொல்லுங்கள், திருத்திவிடுகிறேன். 14 நாளுக்குள் கட்ட முடியாவிட்டால் தவணைத் தேதிகளை எழுதி அனுப்புங்கள்."

இதை மின்னஞ்சலிலும், பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை கிடைக்கும் தபாலிலும் அனுப்புங்கள். அவர் தவணை கேட்டால் மறுக்காதீர்கள். ஆனால் "இவ்வளவு பாக்கி உண்டு என்று ஒப்புக்கொள்கிறேன்" என்ற வரியோடு அவர் கையெழுத்து வேண்டும். காலவரம்புக்குள் எழுதிக் கொடுக்கும் இந்த ஒப்புதலால், இந்தியா, இங்கிலாந்து உட்பட்ட இடங்களில் வழக்குக்கான காலம் புதிதாகத் தொடங்கும். வாடகை பாக்கிக்கான காலவரம்பு இந்தியாவில் 3 ஆண்டு, இங்கிலாந்தில் 6 ஆண்டு.

கோபத்தில் அவர் அலுவலகத்துக்குப் போன் செய்வதும், பெயரோடு சமூக ஊடகத்தில் எழுதுவதும் வேண்டவே வேண்டாம். அவர் உங்கள் மேல் புகார் கொடுக்க நீங்களே வழி செய்து கொடுத்தது போல் ஆகிவிடும்.

6. பதிலே இல்லை என்றால்

இன்னொரு நினைவூட்டல், அப்புறம் வழக்கறிஞர் நோட்டீஸ் அல்லது சிறு தொகைத் தீர்ப்பாயம். சிங்கப்பூரில் இரண்டு ஆண்டுக்கு மிகாத குடியிருப்பு வாடகை ஒப்பந்தங்களுக்கு அந்தத் தீர்ப்பாயத்தை அணுகலாம், வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே போய்ப் பேசலாம். போகும் முன் செலவையும் பாக்கியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

எனக்கு அவ்வளவு தூரம் போக வேண்டிவரவில்லை. இரண்டு தவணையில் முழுவதும் வந்தது. கடைசித் தவணை வந்த அன்றே "பாக்கி ஏதும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினேன். அடுத்துக் குடிபோகும் வீட்டின் உரிமையாளரிடம் காட்ட அவருக்கு அது தேவைப்பட்டது.

பின்சேர்க்கை: காலி செய்த நாளில் யாருமே படம் எடுக்கவில்லை, நாள் கணக்கில் பிரிக்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். என் பில்லையே எடுத்துக்கொள்ளுங்கள். 60 நாளில் அவர் இருந்தது 41 நாள். நாள் கணக்கில் அவர் பங்கு 198 யூனிட்தான் வரும், உண்மையில் 262. பூட்டிக் கிடக்கும் வீடு அவ்வளவு கரண்ட் இழுக்காது. போன வருடம் இதே பருவத்தில் அவருக்கு வந்த பில்லை எடுத்து, ஒரு நாள் சராசரி பார்த்து, அதை அவர் சம்மதத்தோடு போடுங்கள்.

இன்னொன்று: விட்டுப்போன கட்டிலையும் பீரோவையும் விற்றுப் பாக்கியில் கழிக்கலாமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். உடனே விற்காதீர்கள். படம் எடுத்துப் பட்டியல் போட்டு, எடுத்துப்போக ஒரு தேதி குறித்து எழுத்தில் தெரிவியுங்கள். அந்தத் தேதி தாண்டினால் என்ன செய்யலாம் என்பதை உள்ளூர் வழக்கறிஞரிடம் கேட்ட பிறகே பொருளைத் தொடுங்கள்.