‘தி ஜெனரல்’ பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பஸ்டர் கீட்டனின் ‘தி ஜெனரல்’ (1926) என்ற மௌனப்படத்தைப் பார்ப்பவர்கள் செய்யும் பெரிய தவறு, அதைத் துண்டு துண்டான சாகசக் காட்சிகளாகக் கைப்பேசியில் பார்த்து முடித்துவிடுவதுதான். கீட்டன் கேமராவைத் தள்ளி வைத்து, மனிதனையும் ஓடும் இன்ஜினையும் ஒரே சட்டகத்தில் முழுதாகக் காட்டுபவர் என்பதால், உள்ளங்கை அளவுத் திரையில் ஆள் புள்ளியாகிவிடுவான். ஆபத்தும் தெரியாது, சிரிப்பும் வராது.

தன் ரயிலைக் கடத்திய பகைவர்கள் தண்டவாளத்தில் போட்டுவிட்டுப் போன சிலிப்பர் கட்டையை, கீட்டனே நடித்த இன்ஜின் ஓட்டுநர் ஜானி கிரே அகற்றும் காட்சியைப் பாருங்கள். பின்னால் மெல்ல வரும் இன்ஜின் அவனைத் தன் முன்பக்கச் சாய்வுச் சட்டத்தில் ஏந்திக்கொள்ள, கட்டையை மார்போடு அணைத்தபடி சாய்ந்திருப்பவனுக்கு எதிரே இன்னொரு கட்டை குறுக்கே கிடக்கிறது. கையிலிருப்பதை ஓங்கி அதன் ஒரு முனையில் போடுகிறான். இரண்டுமே துள்ளி விலகுகின்றன. எத்தனை முறை பார்த்தாலும் அந்த இடத்தில் எனக்கு மூச்சு நின்றுவிடுகிறது.

கீட்டனுடைய சிரிக்காத முகத்தைப் பார்த்து நடிப்பே இல்லை என்று முடிவுகட்டுவதும் தவறு. காதலி ஒதுக்கிய துயரத்தில், சக்கரங்களை இணைக்கும் இரும்புத் தண்டின்மீது அமர்ந்திருக்கும் ஜானி, இன்ஜின் நகர்ந்து அந்தத் தண்டு தன்னைத் தூக்கி இறக்குவதைக்கூட உணர்வதில்லை. கொட்டகைக்குள் நுழையும் கணத்தில்தான் விழித்துக்கொள்கிறான். நீராவி சற்றே கூடிச் சக்கரம் வழுக்கிச் சுழன்றிருந்தால் கீட்டனின் உயிரே போயிருக்கும்.

பிரதியைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் தேவை. மௌனப்படக் காலத்தில் நிலையான ஓட்டவேகம் இல்லை. நொடிக்கு 24 சட்டகங்கள் என்பது ஒலி வந்த பிறகே உறுதியானது. ஆகவே, வெளிறிய, வேகம் தவறிய பிரதியை ஒதுக்கிவிட்டு, செப்பனிடப்பட்டதைத் தேடிப் பாருங்கள்.

கதையின் வரலாற்றையும் மறந்துவிடக்கூடாது. 1862இல், அமெரிக்க உள்நாட்டுப் போரில், வடக்குப் படையினர் ஜார்ஜியாவில் ஒரு ரயிலைக் கடத்திய உண்மை நிகழ்ச்சியே இதன் மூலம். கீட்டனோ தெற்கத்திய ஓட்டுநரை நாயகனாக்கினார்; அந்தத் தெற்கு அடிமைமுறையைக் காக்கப் போரிட்டது என்பதைப் படம் பேசுவதில்லை. அந்த மௌனத்தையும் சேர்த்தே பார்ப்பதுதான் நேர்மை.

எரியும் பாலம் இடிந்து ரயில் ஆற்றில் விழுவதைப் பொம்மை வேலை என்று நினைத்துக் கடந்துவிடாதீர்கள். ஒரிகான் மாநிலத்தின் காட்டேஜ் குரோவ் அருகே, உண்மையான இன்ஜினையே ஆற்றில் விழவைத்து, ஒரே தடவையில் எடுத்தார்கள். விழுந்த இன்ஜின் பல ஆண்டுகள் அங்கேயே கிடந்தது. பாலம் தாங்கும் என்று உத்தரவிட்ட தளபதி அடுத்த ஷாட்டில் விக்கித்து நிற்பார். புகை அடங்கும் முன் அவர் முகத்தைப் பாருங்கள்.