கோடை விடுமுறையில் இலங்கையின் கிழக்குக் கரை: தாயகம் செல்லும் குடும்பங்களுக்கான வழிகாட்டி

கனடாவிலும் ஐரோப்பாவிலும் பள்ளிகள் மூடப்படும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில்தான் நம்மவர்களில் பெரும்பாலானோர் ஊருக்குச் செல்கின்றனர். நல்லூர்த் திருவிழாவுக்கும் உறவினர் வீடுகளுக்கும் இடையே பிள்ளைகள் கடலைக் கேட்கும்போது, கொழும்புக்கு அண்மையில் இருக்கிறது என்பதற்காக தெற்குக் கடற்கரை ஊர்களான ஹிக்கடுவைக்கோ உனவட்டுனவுக்கோ அழைத்துச் செல்வது காலத்துக்கு ஒவ்வாத தெரிவாகும். மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று மேற்கு, தெற்குக் கரைகளைக் கொந்தளிக்கச் செய்கிறது. அதே காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டுக் கிழக்கில் தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால், திருகோணமலை, பாசிக்குடாப் பகுதிகளின் கடல் அம்மாதங்களில் அடங்கியிருக்கிறது. எனவே கோடையில் செல்பவர்கள் விளையாட்டுக்கென ஒதுக்கும் நாட்களைக் கிழக்குக்கே கொடுப்பது நல்லது.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. தரைக்காற்று கரையோரத்து நீரைத் தட்டையாக வைத்திருப்பதால் பெற்றோர் அயர்ந்துவிடுகின்றனர். காற்றடைத்த மிதவையில் படுத்திருக்கும் சிறுவனை அக்காற்று சில நிமிடங்களிலேயே ஆழக்கடற்பக்கம் தள்ளிவிடும். பாசிக்குடாவில் நெடுந்தூரம் இடுப்பளவு நீரே இருப்பதால் நீந்தப் பழகுவோருக்கு அது மிகப் பொருத்தமான இடம் என்றாலும், மிதவைகளை வீட்டில் விட்டுச் செல்வதே என் பரிந்துரை.

திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தொலைவில் உள்ள புறாத்தீவு, 2003இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் அணிந்து மேலோட்டமாக நீந்தினாலே பவளப்பாறைகளையும், துடுப்பின் நுனி கறுத்த சிறு சுறாக்களையும் காணலாம்; அச்சுறாக்கள் மனிதரைக் கண்டால் விலகிச் செல்லும் இயல்புடையவை. கூட்டம் சேர்வதற்கு முன், காலையில் முதற் படகுகளில் செல்லுங்கள். பவளத்தின்மேல் கால் ஊன்றினால் அதுவும் சிதையும், உங்கள் காலும் கிழியும். சூரியக் களிம்பைப் பூசிக்கொண்டு இறங்குவதைவிட நீண்ட கைச்சட்டை அணிவது முதுகையும் பவளத்தையும் ஒருசேரக் காக்கும். நுழைவுக் கட்டணம் வெளிநாட்டவருக்குப் பன்மடங்கு அதிகம்; கட்டணச் சாளரத்தில் நீங்கள் எவ்வளவு செந்தமிழில் உரையாடினாலும் கடவுச்சீட்டே விடை சொல்லும் என்பதால், இரட்டைக் குடியுரிமை உடையோர் இலங்கை ஆவணத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

காற்றுக் கலனுடன் மூழ்கும் முக்குளிப்பு (ஸ்கூபா) பழகியவர்களை மட்டக்களப்புக் கடல் ஈர்க்கும். 1942 ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹேர்மஸ் என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் அங்கேதான் கிடக்கிறது. அது 50 மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்தில் இருப்பதால், பொழுதுபோக்கு முக்குளிப்புக்கு உரிய 40 மீற்றர் எல்லையைக் கடந்த சிறப்புப் பயிற்சி இல்லாதவர்கள் அதை எண்ணிப் பார்க்கவே கூடாது. தொடக்கச் சான்றிதழ் 18 மீற்றர் வரைக்கும்தான். மூச்சுக்காற்றுக் கலனுடன் மூழ்கியவர்கள் உடனே விமானம் ஏறக் கூடாது என்பதும் பயணத் திட்டத்தில் அடிக்கடி மறக்கப்படுகிறது. இரத்தத்தில் கரைந்த நைதரசன் வெளியேறக் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி தேவை, ஒரு முழுநாள் விடுவது இன்னும் பாதுகாப்பானது. ஆகவே முக்குளிப்பை விடுமுறையின் தொடக்கத்தில் வைத்துக்கொண்டு, உறவினர் வீட்டு விருந்துகளைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

மட்டக்களப்பிலிருந்து தெற்கே ஏறத்தாழ 110 கிலோமீற்றரில் பொத்துவிலும் அதையடுத்து அறுகம்குடாவும் வருகின்றன. மற்ற இடங்களில் கடல் அடங்கியிருக்க இங்கே மட்டும் அலை எழுவதற்குக் காரணம், தெற்கே தொலைவில் இந்துப் பெருங்கடலில் பிறக்கும் நெடிய அலைகள் இக்கரையின் முனைகளைச் சுற்றி வளைந்து உடைவதுதான். ஏப்ரல் இறுதியிலிருந்து ஒக்டோபர் வரை அலைச்சறுக்குக்காரர்கள் உலகெங்குமிருந்து வருகின்றனர். பிரதான முனையில் அடியில் பாறை உள்ளது, அனுபவசாலிகள் நெருக்கியடிப்பர். புதியவர்கள் பேபி பொயின்ற் எனப்படும் உட்பகுதியிலோ, மணல் அடித்தளம் கொண்ட விஸ்கி பொயின்ற், பீநட் பாம் கரைகளிலோ பயிற்றுநருடன் தொடங்கலாம். களப்புகளில் முதலைகள் இருப்பதால் அவற்றின் முகத்துவாரங்களில் குளிக்க வேண்டாம். அறுகம்குடாவுக்குத் தெற்கே பாணமையிலிருந்து ஓகந்தை செல்லும் பாதையில் யானைகள் நடமாடுவதால் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுங்கள். ஓகந்தை முருகன் கோவிலிலிருந்து குமண, யால காடுகளூடாகக் கதிர்காமம் செல்லும் பாதயாத்திரைக்குக் கதிர்காமத் திருவிழாவையொட்டிச் சில நாட்களே காட்டுப்பாதை திறக்கப்படும். நடைபயணத்தை விரும்பும் இளையோருக்கு இதைவிடச் சிறந்த ஒன்றை நான் அறியேன். ஆனால் அது வழிபாடு, அதற்குரிய அடக்கத்துடன் செல்ல வேண்டும்.

வடக்கில் கோடை வேறு விதமானது. சோழகம் எனப்படும் தென்மேற்குக் காற்றில் யாழ்ப்பாணத் தீவுகளைச் சூழ்ந்த கடல் அலைமோதும். குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரப் படகுப் பயணம் வயிற்றைக் குமட்டலாம், ஆனால் தீவில் சைக்கிள் எடுத்துப் பவளக்கல் வேலிகளையும் பெருக்கு மரத்தையும் கட்டாக்காலிக் குதிரைகளையும் பார்த்து வருவது தகும். கடைசிப் படகின் நேரத்தை இறங்கியவுடனேயே கேட்டுக்கொள்ளுங்கள். அதே காற்றை நம்பித்தான் கற்பிட்டியிலும் மன்னாரிலும் பட்டத்தால் இழுபட்டுப் பலகையில் நீர்மேல் சறுக்கும் கைற் சேர்ஃபிங் நடக்கிறது. வன்னியிலும் முகமாலைப் பகுதியிலும் மிதிவெடி எச்சரிக்கைப் பலகைகள் இருக்கும் இடங்களில் ஒற்றையடிப் பாதையைவிட்டு ஒரு காலடியும் விலகக் கூடாது. ட்ரோன் பறக்கவிட முன்அனுமதி பெற்றாக வேண்டும்.

டிசம்பரில் செல்பவர்களுக்கு இவையனைத்தும் தலைகீழாகும். வாடைக்காற்றும் மழையும் கிழக்கை மூடிவிட, தென்கரையின் வெலிகமவும் மிரிஸ்ஸவும் தெளிகின்றன. 2,243 மீற்றர் உயரமுள்ள சிவனொளிபாதமலையின் யாத்திரைக் காலமும் அப்போதுதான் தொடங்கி மே வரை நீடிக்கிறது. தைப்பொங்கல் வரை தங்குபவர்கள் வல்வெட்டித்துறைப் பட்டத் திருவிழாவைத் தவறவிட வேண்டாம்.

புறப்படுமுன் பயணக் காப்புறுதியின் விலக்குகளை வாசியுங்கள். முக்குளிப்பு, அலைச்சறுக்கு போன்றவை பல ஒப்பந்தங்களில் தனிக் கட்டணத்துக்கு உரியவை. மச்சானின் மோட்டார் சைக்கிளை இலங்கையில் செல்லுபடியாகும் உரிமமின்றி ஓட்டி விழுந்தால், காப்புறுதி நிறுவனம் பெரும்பாலும் கைவிரித்துவிடும்.