கருவுற்ற காலத்தில் மன அழுத்தம் தணியப் பாடும் முறை

கருவுற்ற காலத்தில் மனம் பதறும்போது பாட்டு துணை நிற்பதற்கு முதற்காரணம் மூச்சுதான். ஓர் அடியைப் பாடி முடிக்கும்வரை காற்றைச் சிறுகச் சிறுக விட வேண்டியிருப்பதால், மூச்சை இழுக்கும் நேரத்தைவிட விடும் நேரம் நீள்கிறது. அப்போது மூளையிலிருந்து இதயத்துக்குச் செல்லும் வேகஸ் நரம்பின் வழியாக இதயத் துடிப்பின் வேகம் தணிகிறது. எனவே குரல் இனிமையாக இருக்கிறதா, சுருதி சேர்கிறதா என்ற கவலை இங்குத் தேவையே இல்லை.

முதுகுக்குத் தலையணை வைத்து, பாதங்கள் தரையில் படியும்படி நாற்காலியில் அமருங்கள். 28 வாரங்களுக்குப் பிறகு மல்லாந்து படுத்துப் பாட வேண்டாம். கருப்பை பெரிய இரத்தக் குழாயை அழுத்தித் தலைசுற்றல் உண்டாகலாம். வாயை மூடி 'ம்' என்று தாழ்ந்த குரலில் சில முறை முரன்ற பிறகு பாடத் தொடங்குங்கள்.

தாலாட்டுதான் இதற்கு மிகவும் ஏற்றது என்பது என் உறுதியான எண்ணம். 'ஆராரோ ஆரிரரோ' என்னும் நெட்டுயிர்கள் தாமாகவே மூச்சை நீட்டுகின்றன. மேலும், மாமனையும் அத்தையையும் பாட்டியையும் அழைத்து அடிகளைப் புதிதாகக் கட்டிக்கொள்ள நம் நாட்டுப்புறத் தாலாட்டு இடம் தருகிறது. பிள்ளையிடம் சொல்வதுபோலத் தன் மனக்குறைகளையும் அதிலேயே பாடித் தீர்த்துக்கொள்வது பெண்களின் நெடுநாள் வழக்கம். பிரசவத்தைப் பற்றிய அச்சமோ, பிறந்த வீட்டின் நினைவோ எழுந்தால் அதையும் தயங்காமல் அடியாக்கிப் பாடுங்கள். சொற்கள் வராதவர்கள் நீலாம்பரி போன்ற ஓர் அமைதியான இராகத்தை முணுமுணுத்தாலே போதும்.

கடைசி மாதங்களில் நுரையீரலுக்கு அடியிலுள்ள மூச்சுத் தசையான உதரவிதானத்தைக் கருப்பை மேலே தள்ளுவதால் மூச்சு விரைவில் முட்டும். அப்போது அடியைப் பாதியில் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள். அடக்கிப் பிடிக்கவோ உச்சக் குரலுக்கு ஏறவோ வேண்டாம். தலை சுற்றினால் உடனே நிறுத்திவிடுங்கள்.

ஆறாம் மாதத்திற்குப் பின் உங்கள் குரல் உடலின் வழியாகவே குழந்தையை எட்டுகிறது; பிறந்த குழந்தை தாயின் குரலை அடையாளம் காண்பதும் அதனால்தான். வயிற்றில் ஹெட்ஃபோன் வைத்து உரக்க இசை கேட்கச் செய்ய வேண்டியதில்லை.

சோர்வும் அழுகையும் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், பாட்டை மட்டும் நம்பியிராமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். இந்தியாவில் இருப்பவர்கள் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.