முளைப்பாரிக் கும்மியைப் படம் பிடிக்கிறீர்களா?

மூன்று வருஷத்துக்கு முன் காரைக்குடிப் பக்கம் எங்கள் ஊர் முளைப்பாரிக் கும்மியை, அதாவது தானியம் முளைக்கவைத்த சட்டிகளைச் சுற்றிக் கைதட்டிப் பாடி ஆடுவதை, செல்போனில் எடுத்தேன். பெரிய காரியம் செய்துவிட்ட நினைப்பு எனக்கு. பாட்டெடுத்துக் கொடுக்கும் அப்பத்தாவிடம் காட்டினால், கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "எல்லார் மூஞ்சியும் இருக்கு, காலு எங்கேப்பா?" என்றார்.

பலரும் செய்கிற தவறு அது. கும்மி என்றால் கைத்தட்டுத்தானே என்று இடுப்புக்கு மேலேயே எடுக்கிறோம். எந்தத் தட்டுக்குக் குனிவது, எப்போது கால் மாற்றுவது என்று தெரியாமல் எந்தப் பிள்ளை கற்றுக்கொள்ளும்? போனைப் படுக்கை வசத்தில் பிடித்து, திண்ணை மாதிரி கொஞ்சம் உயரமான இடத்தில் நின்று, வட்டம் முழுக்கத் தெரிகிற மாதிரி அசையாமல் எடுங்கள். அழகான முகத்தைத் தேடிக் கேமராவைத் திருப்ப வேண்டாம்.

அதைவிட மோசம், ரீல்ஸுக்காகக் கும்மிப் பாட்டை நீக்கிவிட்டு சினிமாப் பாட்டை ஒட்டுவது. கும்மிக்குப் பாட்டுதான் கணக்கு. ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடும்போதுதான் தட்டு விழும். பாட்டு போனால் மிச்சம் இருப்பது சும்மா கை தட்டும் கூட்டம். திருவிழாச் சத்தத்தில் சொற்கள் பிடிபடாது. அதனால் இன்னொரு நாள் பாடுபவரை வீட்டுத் தாழ்வாரத்தில் உட்காரவைத்து முழுப் பாட்டையும் தனியே பதிவு செய்வது நல்லது.

ஆண்டுவிழா மேடையில் கும்மியை வரிசையாக நிறுத்திப் பார்வையாளர் பக்கம் திருப்பிவிடுவதும் உண்டு. நடுவில் முளைப்பாரி இருப்பதால்தான் அது வட்டம். அதை மறந்தே போனோம்.

கரகத்திலும் குழப்பம்தான். வேப்பிலை சுற்றிக் கோயிலுக்கு வரும் சக்தி கரகமும், மேளத்துக்கு ஆடும் ஆட்டக்கரகமும் வேறு வேறு. இரண்டுக்கும் ஒரே தலைப்புப் போடாதீர்கள். சாமி வந்து ஆடுகிறவர் பக்கம் போனை நீட்டவே வேண்டாம். மற்றவர்களிடமும் இணையத்தில் போடலாமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் தரம் குறையும். டாக்குமென்டாக அனுப்புங்கள், ஹார்டு டிஸ்க்கில் ஒரு பிரதி இருக்கட்டும். ஃபைலுக்கு ஊர், கோயில், தேதி, சம்மதித்தால் பாடியவர் பெயர் எல்லாம் போட்டு வையுங்கள்.

அப்பத்தாவிடம் இதுவரை ஏழு பாட்டு வாங்கியிருக்கிறேன். மீதி எப்போது என்றால், "அறுப்பு முடியட்டும்" என்கிறார்.