தச்சுப் பயிலுநர் போட்டியை ஊருக்குப் பயன்படும்படி நடத்துவது எப்படி?

மட்டக்களப்பில் தச்சுப் பயிலுநர்களுக்குப் போட்டி வைக்க விரும்புவோர், முதலில் வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைக் கிராமமொன்றின் முன்பள்ளிக்கோ நூலகத்துக்கோ சென்று, அங்கே உண்மையில் எது தேவை என்று கேட்டறிந்து, அதையே போட்டிப் பொருளாக வைக்க வேண்டும். காட்சி முடிந்ததும் எறியப்படும் மாதிரி மூட்டுகளுக்காக நல்ல மரத்தை வீணாக்குவது எனக்கு உடன்பாடில்லை.

மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளுக்கான கதிரை என்றால், இருக்கையின் உயரம் ஏறக்குறைய 26 சென்றிமீற்றராக இருக்கட்டும். எல்லோருக்கும் ஒரே வரைபடமும் ஒரே வகை மரமும் கொடுங்கள். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் மரம் ஈரத்தை உறிஞ்சிப் பருத்து, பின்பு காயும்போது சுருங்கி மூட்டுகள் தளர்ந்துவிடும் என்பதால், கச்சான் எனப்படும் வறண்ட தென்மேல் காற்று வீசும் மாதங்களே போட்டிக்கு உகந்தவை. அப்போதும் நன்கு பதப்படுத்திய மரத்தையே வாங்க வேண்டும். அதை ஏற்றிவருவதற்கான அனுமதிப்பத்திரம் பற்றி முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

மதிப்பிடும் ஓடாவிமார் (தேர்ந்த தச்சர்கள்) செய்தவரின் பெயரை அறியாதிருக்க, பொருள்களுக்கு இலக்கமிடுங்கள். புள்ளிகளில் பெரும்பகுதி, ஆணியின்றித் துளையும் நாக்குமாக இறுகப் பொருந்தும் மூட்டுக்கும், நான்கு கால்களும் தரையில் ஆடாமல் நிற்பதற்கும் உரியது. மெருகுக்குச் சிறுபகுதி போதும். சிறு பிள்ளைகள் அமர்வதால், விளிம்புகள் மழுங்கத் தேய்க்கப்படாத கதிரையை, அது எவ்வளவு அழகாயிருந்தாலும், திருத்தாமல் முன்பள்ளியிடம் கையளிக்கக் கூடாது.